மாமா கடைசியாகப் போன ஊர்

ரோக்காலுங்கா என்று பலகை போட்ட ஸ்டேஷனில் நான் இறங்கியபோது நல்ல வெயில். என்னோடு இறங்கியது ஒரு கன்னியாஸ்திரீயும் அவருடைய கோழிக் கூடையும்தான். ரயில் போன பிறகு சுற்றிலும் பார்த்தேன். ஒரு கிடங்கு, ஒரு காப்பிக்கடை, நாலைந்து ஓட்டு வீடுகள், அதற்கப்பால் திராட்சைத் தோட்டம். ஊரைக் காணோம்.

தலைக்கு மேலே ஒரு மலை நின்றது. உச்சியில் மதிலும் கோபுரங்களும் தெரிந்தன. அது கோட்டை என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது. கோட்டை விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியில் மலைமேல் கோட்டை, ராயக்கோட்டையில் மலைமேல் கோட்டை, பாராமகால் சீமை முழுக்க அப்படித்தான். நாயக்கர், நவாப், கும்பினி என்று மாறி மாறி அடித்துக்கொண்டு போன பிறகு மேலே மிஞ்சியது இடிந்த சுவரும் பாசி பிடித்த சுனையும் குரங்கும்தான். மனிதர்கள் அடிவாரத்தில் கடை கண்ணி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆகவே மலையைச் சுற்றி நடந்தால் எங்கேயாவது ஊர் தட்டுப்படும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் ஒரு வண்டிக்காரர் வந்தார். வண்டியில் பூட்டியிருந்த வெள்ளை எருதுகளைப் பார்த்து நின்றுவிட்டேன். எங்கள் ஆலம்பாடி மாட்டை இதன் பக்கத்தில் நிறுத்தினால் கன்று என்பார்கள். "ரோக்காலுங்கா?" என்று கேட்டேன். அவர் சாட்டைக் கம்பால் மேலே காட்டினார். கோட்டை பார்க்க வரவில்லை ஐயா, ஊர் எங்கே என்று சொல்ல எனக்குப் பாஷை இல்லை. பட்டுப்புழு முட்டை தயாரிப்பைப் படித்துவிட்டு வா என்று சர்க்கார் என்னை வட இத்தாலிக்கு அனுப்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. புழு, முட்டை, இலை, ஈரம், வியாதி எல்லாம் இத்தாலிய பாஷையில் சரளமாக வரும். இவற்றை எப்படிக் கோத்தாலும் ஊர் எங்கே என்று கேட்க முடியாது.

அவருக்குப் பிறகு புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மேலே காட்டினாள். ஒரு தபால்காரர் சைக்கிளை நிறுத்தி மேலே காட்டினார். வெளியூர்க்காரன் என்றால் பழைய கட்டடம் பார்க்கத்தான் வந்திருப்பான் என்று எல்லோருமாக முடிவு கட்டிவிட்டார்கள் என நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது. ஒலிவ மரங்களுக்கு நடுவே, ஆளுயர மல்பெரி மரங்களுக்கு நடுவே, மதியம் முழுக்க மலையை வலம் வந்து கிளம்பிய ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா ராஜம்மாவை வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக் குடும்பத்தில் கொடுத்திருந்தது. அவள் புருஷன் மாதப்பன் மாமா, யுத்த காலத்தில் பெங்களூர் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர் பிரிவின் வேலை. இத்தாலியில் அவரைக் காணவில்லை, இறந்திருக்கலாம் என்று சேதி வந்தது. அக்கா முன்பாதியை எடுத்துக்கொண்டாள், பின்பாதியை விட்டுவிட்டாள். "காணோம்னுதான சொல்றாங்க, கெடைக்கிற வரைக்கும் காணோம்தான்" என்று பொட்டும் தாலியுமாக இருந்தாள். பத்து வருஷம் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. இப்போது மகள் லட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பெண்ணின் அம்மா மணவறைப் பக்கம் வரலாமா, உள்ளறையில் இருக்க வேண்டியவரா, ஏதாவது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் என்றார்கள்.

மாமாவோடு பட்டாளத்தில் இருந்த காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர் ரோக்காலுங்கா என்ற பெயரைச் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், கேள்விப்பட்டது அந்தப் பெயர் மட்டும்தான். நான் கப்பலுக்குப் புறப்படும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கிறாரா இல்லியான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வாடா. பாஷ தெரியலன்னா இதக் காட்டு" என்று இடது கைச் சுண்டு விரலைப் பாதியாக மடக்கிக் காட்டினாள். பாரூரில் கரும்பாலையில் மாட்டி மாமாவுக்கு அந்த விரல் பாதிதான் இருந்தது.

ஸ்டேஷன் காப்பிக்கடையில் அந்த விரலைக் காட்டினேன். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, சுண்டு விரல் அளவுக் கோப்பையில் கறுப்புக் கஷாயம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இல்லை இல்லை என்று மறுபடி மடக்கிக் காட்டினேன். இன்னொரு கோப்பை வந்தது. இரண்டையும் குடித்ததில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பொழுது சாய்ந்தது. மேலே மணி அடித்தது. பாழடைந்த கோட்டையில் மணி அடிப்பவன் யார் என்று அண்ணாந்து பார்த்தேன். மதிலுக்கு மேலே ஒரு விளக்கு தெரிந்தது, அப்புறம் பத்து, அப்புறம் மலையுச்சி முழுக்க விளக்கு. யாரோ ஒரு பெண் ஜன்னலிலிருந்து துணிகளை இழுத்து எடுப்பதுகூடத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பைத்தியக்கார ஜனங்கள் கோட்டையிலேயே குடியிருக்கிறார்கள்! தண்ணீர், விறகு, கழுதை, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் மலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, கீழே சமதரையில் திராட்சையைக் குடியமர்த்தியிருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் என்மேல் இரக்கப்பட்டு மாடியில் படுக்க இடமும் ரொட்டியும் கொடுத்தார். ரொட்டியில் உப்பே இல்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, சொன்னால் வீட்டுக்கார அம்மா வருத்தப்படுவார் என்று பேசாமல் தின்றேன். அந்தப் பக்கத்து ரொட்டியே அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். முக்கால் மலை ஏறியதும் பஸ் புகைந்து நின்றது. டிரைவர் இறங்கி அதன் முகத்தைப் பார்த்து ஏதோ திட்டினார். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பாதிரியாரும் தள்ளினார். யுத்த காலத்துக் கரிவாயு பஸ்ஸைத் தொப்பூர்க் கணவாயில் தள்ளிய கை இது, எனக்கு இந்த ஒரு காரியத்தில் மட்டும் குழப்பமில்லை. பஸ் அசையவில்லை. கடைசியில் எல்லோரும் மூட்டையோடு நடந்தே ஒரு பெரிய கல்வாசல் வழியாக ஊருக்குள் போனோம்.

தெருக்கள் எல்லாம் படிக்கட்டு. இடது பக்கம் திரும்பினால் யாரோ ஒருவர் வீட்டுக் கோழிக்கூண்டு, வலது பக்கம் திரும்பினால் பாதாளம். ஒரு வீட்டின் கூரைதான் அடுத்த வீட்டின் வாசல். மூன்று தரம் ஒரே சதுக்கத்துக்கு வந்து நின்ற பிறகு, முகம் மழிக்காமல் இருப்பது நினைவுக்கு வந்து எதிரே இருந்த சலூனில் நுழைந்தேன். ஐம்பதை நெருங்கும் குண்டு மனிதர் ஒருவர் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்ததும் காரியத்தில் கண்ணாக விரலை மடக்கிக் காட்டினேன். அவர் அதை அக்கறையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு நகத்தை வெட்டிவிட்டார்.

"இந்தியா. பெங்களூர் பக்கம்" என்று அலுத்துப்போய் ஆங்கிலத்தில் சொன்னேன். ஓசூர், கிருஷ்ணகிரி என்றால் இங்கே யாருக்குத் தெரியும்?

மனிதர் கத்தியைக் கீழே வைத்தார். என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஊட்டா ஆயித்தா?" என்றார்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் எல்லைப்புறத்தில் கன்னடம் தெரியாதவன் கிடையாது. சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார். ஆனால் இத்தாலி தேசத்து மலையுச்சியில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவனிடம் அதைக் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? "இன்னும் இல்லை" என்று கன்னடத்திலேயே சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டதில் நுரை முழுக்க அவர் சட்டைக்குப் போய்விட்டது.

அவர் பெயர் நெல்லோ. யுத்தத்தில் ஆப்பிரிக்காவில் பிடிபட்டுப் பெங்களூர்க் கைதி முகாமில் நாலைந்து வருஷம் இருந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் வரும் பால்காரரிடம் கொஞ்சம் கன்னடமும், காவலர்களிடம் கொஞ்சம் ஆங்கிலமும் கற்றுக்கொண்டிருந்தார். இரண்டையும் இத்தாலியக் குழம்பில் போட்டுக் கலக்கிப் பேசினார். அவர் பேச்சை நான் நேரான தமிழில் எழுதுவதால் எனக்கு எல்லாம் உடனுக்குடன் புரிந்தது என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம்.

"இங்கே யுத்தம் நடந்ததே, அப்போது இந்தியப் பட்டாளம் வந்ததா?" என்று கேட்டேன்.

"நாளெ பா" என்றார். நாளைக்கு வா. "முதலில் ஊரைப் பார். முதலிலிருந்து பார்க்க வேண்டும்."

முதலிலிருந்து என்றால் அவருக்கு ரோமாபுரிக்கு முந்தைய காலம். சலூனைப் பூட்டிக்கொண்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். நான் பத்து வருஷத்துக்கு முந்தைய சங்கதியைக் கேட்டால் அவர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதியைச் சொல்வார். ஊர் நடுவே ஒரு கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியாத ஆழம். உள்ளே இரண்டு சுழல் படிக்கட்டுகள். ஒன்றில் இறங்குகிற கழுதை மற்றதில் ஏறுகிற கழுதையைப் பார்க்கவே பார்க்காதாம். முற்றுகையின்போது தண்ணீருக்காக ஒரு பாப்பரசர் வெட்டச் சொன்னது என்றார். எங்கள் மலையில் சுனை தானாக ஊறுகிறது, எந்த நவாபும் கழுதைக்குத் தனிப்படி கட்டவில்லை என்று சொல்ல நினைத்தேன். கன்னடத்தில் பாப்பரசருக்கு என்ன சொல்வது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

சதுக்கத்தின் இரண்டு முனையிலும் இரண்டு கோபுரங்கள். இரண்டு குடும்பங்களுக்குள் பகை. இவன் ஒரு வரிசை கல் ஏற்றினால் அவன் இரண்டு வரிசை ஏற்றுவானாம். கடைசியில் ஊர்ச் சபை கூடி இரண்டையும் ஒரே உயரத்தில் வெட்டிவிட்டது. எங்கள் பக்கம் பங்காளிகள் வரப்பைத் தள்ளிப்போட்டுச் செய்வதை இவர்கள் ஆகாயத்தில் செய்திருக்கிறார்கள். கல் எத்தனை, எந்த மலையிலிருந்து வந்தது என்றுகூட நெல்லோ சொன்னார். நானும் பாடம் கேட்பவன்போல் தலையாட்டினேன்.

பெரிய மாதா கோயிலுக்குப் போனோம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகக் கல் அடுக்கிய கட்டடம். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். குளிர் உச்சந்தலைக்கு ஏறியது. முக்காடிட்ட ஒரு அம்மாள் என் காலைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், என் பக்கத்திலேயே மண்டியிட்டு முணுமுணுவென்று ஜெபிக்க ஆரம்பித்தாள். நெல்லோ என் காதில், "இங்கே வெறுங்காலோடு வருபவன் பெரிய பாவம் செய்தவன். உனக்காக மன்னிப்பு கேட்கிறாள்" என்றார். செருப்போடு போவதுதான் எங்களுக்குப் பாவம் என்று விளக்கப் பார்த்து, அவர் அதைக் கேட்டு இன்னும் குழம்பி, இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம்.

நான் காலையில் நுழைந்து வந்த கல்வாசலுக்குப் பக்கத்தில் போகும்போது மட்டும் அவர் நடை வேகமானது. அடியில் யானை யானையாய்ச் சாந்தில்லாத கற்கள், அதற்கு மேல் ரோமர்களின் வளைவு, அதற்கு மேல் பாப்பரசர் காலத்துச் சின்னச் செங்கல். அதற்கும் மேலே ஒரு பாதி மட்டும் நேற்றுக் கட்டியதுபோல் புதுச் செங்கல். "இது என்ன?" என்றேன். "பேடா" என்றார். வேண்டாம். "யுத்தம் பேடா. ஹிஸ்டரி பார்." யுத்தம் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் குண்டு முகம் சிறுத்துப்போவதைப் பார்த்தேன். எனக்கோ நாள் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் மாலை ரயிலுக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஊரின் சரித்திரம் முழுவதையும் கேட்டுவிட்டு, கேட்க வந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் போகப்போகிறேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மதியம் நெல்லோ வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி அசுந்தா அதிகம் பேசாத, நெடுநெடுவென்று உயர்ந்த பெண்மணி. சோள மாவைக் கிண்டிப் பெரிய மரப்பலகையில் கொட்டிப் பரப்பினாள். மஞ்சள் நிறம் என்பது தவிர அது சாட்சாத் களி. உருண்டை பிடித்துத் தக்காளிக் குழம்பில் தொட்டு விழுங்கினேன். கரண்டியும் முள்ளும் தேடிக்கொண்டிருந்த நெல்லோ என்னைப் பார்த்துவிட்டு அவரும் கையால் தின்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் வயிறு என்னோடு சமாதானமானது.

தாகம் எடுத்தது. மேஜைமேல் மண் கூஜா இருந்தது. தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டேன். கீழே இறக்கியபோது அசுந்தா கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணவரிடம் வேகமாக ஏதோ கேட்டாள். அவர் "பேடா, பேடா" என்று கையை வீசினார். கன்னடம் அவளிடம் செல்லாது என்பது அப்போது அவருக்கு நினைவில்லை. அவள் அவரை விட்டுவிட்டு என்னிடமே கேட்டாள். ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இடது கையை நீட்டிச் சுண்டு விரலைப் பாதியாக மடக்கினேன்.

அசுந்தா என் எதிரே உட்கார்ந்துவிட்டாள். என் கையைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்து அந்த விரலை மூடிக்கொண்டாள். நெல்லோ தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு வார்த்தையாக எனக்குச் சொன்னார்.

நெல்லோ ஆப்பிரிக்காவில் காணாமல் போனான் என்றுதான் அவளுக்கும் சேதி வந்ததாம். முகாமிலிருந்து அவர் போட்ட கடிதம் ஒன்றும் வந்து சேரவில்லை. மாமியார் கறுப்பு உடுத்தச் சொன்னாள், பாதிரியார் ஆத்மாவுக்குப் பூசை வைத்தார். அசுந்தாவும் கறுப்பில் இருந்தாள். ஜெர்மானியர் பின்வாங்கி இந்தியப் பட்டாளம் ஊருக்குள் வந்த நாளில், ஒரு சிப்பாய் இந்த வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டான். கூஜாவைத் தூக்கி உதட்டில் படாமல் குடித்தான். இரண்டு வருஷம் சிரிக்காதவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவன் சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டி, எங்கே என்று கையால் கேட்டான். ஆப்பிரிக்கா, போய்விட்டான் என்றாள். சிப்பாய் வேகமாகத் தலையாட்டினான். "பெங்களூர்! பெங்களூர்!" என்றான். கையால் வேலி போட்டுக் காட்டினான், உள்ளே ஆயிரம் பேர் என்றான், பந்து விளையாடுகிறார்கள், பாடுகிறார்கள் என்று ஆடிக் காட்டினான். சாப்பாடு எப்படி என்பதற்குக் கன்னத்தை உப்பிக் காட்டினான். உன் ஆளும் அங்கேதான் இருப்பான் என்று நெஞ்சில் கைவைத்தான். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று கையால் உயரம் காட்டினான். அந்தக் கையில் சுண்டு விரல் பாதிதான்.

"அவன் போனதும் கறுப்பைக் கழற்றிப் போட்டேன்" என்றாள் அசுந்தா. "மாமியார் என்னோடு பேசவில்லை. தெருப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் திரும்பப் போடவில்லை."

மறுநாள் காலை, ஊர்வாசலுக்கு அடியில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டியில் ஜெர்மானியர் வெடி வைத்திருப்பது தெரிந்தது. சுற்றிலும் வீடுகள். எடுப்பதற்காக மூன்று சிப்பாய்கள் உள்ளே இறங்கினார்கள். அரை விரல்காரன் இறங்குமுன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். வெடித்தது. வாசலின் மேல்பாதியும் அதை ஒட்டியிருந்த காவல் கோபுரமும் தொட்டிக்குள்ளேயே சரிந்தன. மாலைக்குள் பட்டாளம் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. அத்தனை கல்லை எடுக்க ஊரில் ஆளுமில்லை, கருவியுமில்லை. தொட்டியை அப்படியே தூர்த்து மேலே தளம் போட்டு, வாசலைப் புதுச் செங்கல்லால் கட்டி முடித்தார்கள்.

நெல்லோவைப் பற்றி மாமாவுக்குத் தெரிய வழியே இல்லை. ஆயிரக்கணக்கான கைதிகளில் எவன் எவனோ. பொய் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா, அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. "எனக்கு உயிர் இருக்கிறது என்று என் பெண்டாட்டிக்குச் சொன்னவன் அங்கே கிடக்கிறான். நான் வந்தபோது தளம்கூடப் போட்டு முடித்துவிட்டார்கள்" என்றார் நெல்லோ. வாசலண்டை அவர் நடை வேகமானதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

சாவுச் சேதி காதில் விழுந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் கட்டிய துணியோடு குளிக்க வேண்டும். நான் எழுந்து, தண்ணீர் வேண்டும் என்றேன். அசுந்தா அடுப்பில் வெந்நீர் வைக்கப் போனாள், சோப்பு எடுத்தாள், துண்டு எடுத்தாள். அது இல்லை என்று எப்படிச் சொல்வது? வாளியை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக் குழாயடிக்கே போய்விட்டேன். அங்கே போய் நின்றதும் கை எழவில்லை. இதுவரைக்கும் எனக்கு ஒரு வழி இருந்தது. பாஷை தெரியாது, அரைகுறைக் கன்னடத்தில் கேட்டது, தப்பாக விளங்கிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். தலையில் தண்ணீர் விழுந்துவிட்டால் பிறகு புரியவில்லை என்று சொல்ல முடியாது. அக்காவின் முகம் கண்முன் நின்றது. அழுதேன். அழுதுகொண்டே கோட்டும் கால்சட்டையுமாக வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தேன்.

சதுக்கமே வேடிக்கை பார்த்தது. கோயிலில் எனக்காக ஜெபித்த அம்மாளும் நின்றிருந்தாள். நெல்லோ தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, வாளி காலியானதும் வாங்கி நிரப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அசுந்தா என்னை வாசலுக்கு அழைத்துப் போனாள். தினமும் காலையில் அந்தத் தளத்தை அவள்தான் கூட்டுகிறாளாம். நான் ஈரத்துணியோடு கீழே விழுந்து கும்பிட்டேன். எந்தத் திசையில் விழ வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது பந்தக்கால் நடும் நாளாகிவிட்டது. மாந்தோப்பு வீட்டு முற்றத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பூசிய மூங்கில் தயாராகக் கிடந்தது. சுமங்கலிகள் சேர்ந்து நட வேண்டிய கால் அது. மற்றவர்கள் தட்டோடு காத்திருந்தார்கள். அக்கா கொஞ்சம் தள்ளி, தூணோடு நின்றிருந்தாள். நான் பெட்டியைக் கீழே வைத்ததும் மாப்பிள்ளையின் அப்பா, "வாங்க தம்பி. போன காரியம் என்னாச்சுங்க? ஆளப் பத்தித் தகவல் கெடச்சுதா?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள்.

"இவனுக்கு என்னாங்க புரிஞ்சிருக்கும்? ஊரு எங்க இருக்குதுன்னே தெரியாம நாள் பூரா மலைய சுத்தி வந்தவன்." முதல் நாள் கூத்தை நான் கடிதத்தில் எழுதியிருந்தேன். "பாஷ தெரியாத சீமையில இவன் என்னாத்தக் கேக்க, அவங்க என்னாத்தச் சொல்ல! ஊரு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுடா. அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். நான் ஊரைச் சொன்னேன். கழுதைக்கு வெட்டிய படிக்கட்டைச் சொன்னேன், பங்காளிக் கோபுரங்களைச் சொன்னேன், உப்பில்லாத ரொட்டியையும் வெறுங்காலுக்குக் கிடைத்த பாவமன்னிப்பையும் சொன்னேன். வாசலைப் பற்றிச் சொல்லும்போது ராட்சசக் கல்லில் ஆரம்பித்து பாப்பரசர் செங்கல் வரைக்கும் வந்து நிறுத்திக்கொண்டேன். அக்கா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். "அவ்ளோதான பாத்த?" என்றாள். "அவ்ளோதான்க்கா" என்றேன். அவள் திரும்பிப் போய் மற்றப் பெண்களோடு சேர்ந்து மூங்கிலில் கை வைத்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நலங்கு வைத்ததும், தாலித் தட்டைத் தொட்டுக் கொடுத்ததும், ஆரத்தி சுற்றியதும் அக்காதான். பட்டுப்புடவையில் அவளைப் பார்த்தபோதெல்லாம் நான் பந்தி பரிமாறப் போய்விட்டேன். லட்சுமி புருஷன் வீட்டுக்குப் போனாள், சொந்தக்காரர்கள் வண்டி கட்டினார்கள், பந்தல் பிரித்தார்கள். எல்லோரும் போன பிறகு அக்கா வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு" என்றாள். "உனக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும்டா."

சொன்னேன். கூஜாவிலிருந்து தொடங்கிப் புதுச் செங்கல் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். மாமா கன்னத்தை உப்பிக் காட்டியதை நான் செய்து காட்டியபோது அக்கா சிரித்தாள், சிரிப்பு அப்படியே அழுகையானது. வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பொம்பள கறுப்பக் கழட்டிட்டு, அன்னிக்கு என்னா கலரு உடுத்துனா?"

"கலரா?" என்றேன்.

"கோபுரத்துக்கு எத்தினி கல்லுன்னு கேட்டுட்டு வந்திருக்கிற. அதக் கேக்கலியா நீ?"

கேட்கவில்லை. கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

"நல்ல கலராத்தான் இருந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போனாள்.